கேட்காமல் விழுங்கவும் வேண்டாம், கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம்

1979ஆம் ஆண்டு மே மாதம் என் மூத்த மகள் தில்லியில் பிறந்தாள். ஏழாவது மாதத்தில் கீழ் ஈறில் முதல் பல் எட்டிப் பார்த்தது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பல் மற்றக் குழந்தைகளின் பல்லைப்போல அரிசியாய் வெளுத்து இருக்கவில்லை. ஊற வைத்த வெந்தயத்தின் நிறத்தில் இருந்தது. அடுத்ததும் அப்படியே. நாள் ஆக ஆக அந்த மஞ்சள் பழுப்பாக மாறியது. குழந்தை சிரித்தால் பார்ப்பவர்கள், "பல்லைத் துடைத்து விடுவதில்லையா?" என்று என்னைக் கேட்பார்கள். நானும் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

அவளுக்கு இரண்டு வயதானபோது பல் டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். அவர் குழந்தையின் வாயைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இவள் வயிற்றில் இருந்தபோது ஏதாவது காப்சூல் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அந்த ஜனவரி மாதம் நினைவுக்கு வந்தது.

திருமணமாகி மாயவரத்திலிருந்து கரோல்பாகுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தில்லிக் குளிர் எனக்குப் புதிது. ஐந்தாவது மாதம். இருமலும் சளியும் விடவில்லை. அவர் ஆபீசுக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு இன்லண்டு லெட்டர் எழுதி பதில் வர பத்து நாளாகும். தெருமுனையில் இருந்த கெமிஸ்ட் கடைக்குப் போய், எனக்குத் தெரிந்த நான்கு இந்தி வார்த்தைகளில் "காஞ்சி, புகார்" என்றேன். ஸ்வெட்டரும் சால்வையும் போர்த்தியிருந்ததால் நான் கர்ப்பிணி என்று அவருக்குத் தெரிந்திராது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. டெட்ராசைக்ளின் காப்சூலைப் பத்து நாளைக்குக் கொடுத்தார். நானும் ஒழுங்காகச் சாப்பிட்டேன். நான் தாவரவியலில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவள். பிறகு பல ஆண்டுகள் உயிரியல் ஆசிரியையாகவும் இருந்தேன். படித்தவள் என்பது அன்று எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

ஆறு, ஏழு வயதில் பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் வெள்ளையாகவே முளைத்தன. நாங்கள் பிழைத்தோம். ஆனால் அந்த ஐந்தாறு ஆண்டுகள் என் குழந்தை வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பல்லில் எழுதி வைத்த மருந்து

இது எப்படி நேர்ந்தது என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். டெட்ராசைக்ளினுக்குச் சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. கருவில் இருக்கும் குழந்தைக்கு ஏறக்குறைய நான்காவது மாதத்திலிருந்து பால் பற்களில் சுண்ணாம்பு படியத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் தாய் இந்த மருந்தைச் சாப்பிட்டால், அது தொப்புள்கொடி வழியே போய், உருவாகும் பல்லிலும் எலும்பிலும் படிந்துவிடுகிறது. பல் வெளியே வந்து வெளிச்சம் படப் படப் பழுப்பாகிறது. பிறந்த பிறகு, எட்டு வயதுக்குள் குழந்தைக்கே கொடுத்தால் நிலைப் பற்களும் கறைபடும். நான் அந்தக் காப்சூலை விழுங்குவதற்கு முன்பே, 1960களிலேயே, மருத்துவ உலகம் இதை அறிந்திருந்தது. கரோல்பாகின் தெருமுனைக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை.

இதில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை வகித்த லெடர்லே ஆய்வுக்கூடத்தில்தான் இந்த மருந்துக் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் உருவாகி 1948இல் வெளிவந்தது. கர்ப்பிணிகள் அவசியம் சாப்பிட வேண்டிய ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும் அவருடைய குழுவினரே. சாப்பிட வேண்டிய மாத்திரை, தவிர்க்க வேண்டிய காப்சூல் இரண்டும் ஒரே கூடத்திலிருந்து வந்திருக்கின்றன. நல்ல மருந்து, கெட்ட மருந்து என்று இரண்டு சாதி கிடையாது. யாருக்கு, எப்போது, எதற்காக என்பதுதான் கேள்வி.

கர்ப்ப காலத்தில் டாக்டர்கள் வழக்கமாகத் தவிர்க்கும் ஆன்டிபயாடிக்குகள் சில உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி குழந்தையின் காது கேட்கும் திறனைப் பாதிக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் வேறு வழி இருக்கும்போது கொடுக்கப்படுவதில்லை. கோட்ரைமாக்சசோல் மாத்திரையில் உள்ள ஒரு பகுதி ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதால் முதல் மூன்று மாதங்களில் ஆகாது. அதிலுள்ள சல்ஃபா மருந்து, பிரசவம் நெருங்கும்போது குழந்தைக்கு மஞ்சள் காமாலையை அதிகமாக்கக்கூடும். மாறாக, பென்சிலின், அமாக்சிசிலின், செஃபலெக்சின் போன்றவை பல ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு வருபவை. அலர்ஜி இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் பயமின்றிக் கொடுக்கலாம் என்று கருதப்படுபவை. அதனால் அவற்றை நாமே வாங்கிக்கொள்ளலாம் என்று பொருளல்ல. எந்தக் கிருமிக்கு எது என்று தீர்மானிப்பது டாக்டரின் வேலை.

என் கதையே செய்த கெடுதல்

இதுவரை சொன்னதை நான் பல ஆண்டுகளாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன். வளைகாப்பு வீடுகளில் சொன்னேன். கோயில் பிராகாரத்தில் சொன்னேன். "வாயும் வயிறுமாக இருக்கும்போது ஆன்டிபயாடிக் பக்கமே போகாதே" என்பது என் மந்திரமாகவே ஆகிவிட்டது. அந்த மந்திரம் 2018இல் என் வீட்டிலேயே திருப்பி அடித்தது.

என் மருமகள் நான்காவது மாதம். வழக்கமான பரிசோதனையில் சிறுநீரைக் கல்ச்சர் செய்யக் கொடுத்திருந்தார்கள். அதில் கிருமி இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. அவளுக்கோ எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, ஒன்றுமே இல்லை. டாக்டர் ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். அவள் வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட்டாள். எங்களிடம் சொல்லவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு இரவில் அவளுக்கு உடம்பு தூக்கிப் போடும் குளிர் காய்ச்சல். இடுப்புக்கு மேலே, விலாவுக்குக் கீழே பொறுக்க முடியாத வலி. வாந்தி. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. இரண்டாவது நாள் காய்ச்சல் இறங்கியதும், "கொடுத்த மாத்திரையை ஏன் சாப்பிடவில்லை, கண்ணா?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள்: "நீங்கதானே அத்தை, அக்காவோட பல் கதையைச் சொன்னீங்க. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. குழந்தைக்கு எதுக்கு ஆபத்துன்னு வெச்சுட்டேன்."

நான் பாதிக் கதையைத்தான் இத்தனை ஆண்டுகள் சொல்லி வந்திருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

மீதிப் பாதி இதுதான். கர்ப்ப காலத்தில் கருப்பை வளர்ந்து சிறுநீர்க் குழாய்களை அழுத்துகிறது. கர்ப்ப கால ஹார்மோன் அந்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. சிறுநீர் வேகமாக இறங்காமல் தேங்குகிறது. அங்கே கிருமி இருந்தால் மேலே ஏறுவது எளிதாகிறது. 100 கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேர் வரை இப்படி எந்த அறிகுறியும் இல்லாமல் சிறுநீரில் கிருமி உள்ளவர்கள். அவர்களைக் கவனிக்காமல் விட்டால் 100க்கு 20, 30 பேர் வரை சிறுநீரகத் தொற்றில் போய் நிற்கலாம். சிறுநீரகத் தொற்று குறைமாதப் பிரசவத்துக்கும் வழி வகுக்கக்கூடும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் 1950களின் பிற்பகுதியிலிருந்தே இதை ஆராய்ந்து எடுத்துச் சொன்னார். தொந்தரவே இல்லாத பெண்ணுக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்வது அதனால்தான்.

இந்த ஒன்று மட்டுமல்ல. தாய்க்கு சிஃபிலிஸ் நோய் இருப்பது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தால், பென்சிலின் ஊசி குழந்தையையும் காப்பாற்றுகிறது. கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். அல்லது நோயோடு பிறக்கலாம். காசநோய்க்கு மருந்து சாப்பிட்டு வரும் பெண் கருவுற்றால் மருந்தை நிறுத்தக் கூடாது. உடனே டாக்டரிடம் சொல்லி அவர் சொல்கிறபடி தொடர வேண்டும். சிசேரியன் அறுவைக்கு முன் கொடுக்கும் ஒரு வேளை ஆன்டிபயாடிக், தாய்க்குப் புண்ணில் சீழ் பிடிக்காமல் காக்கிறது. இவற்றை வேண்டாம் என்று சொல்வது குழந்தைக்குச் செய்யும் நன்மை அல்ல.

என் பேரன் 37 வாரம் முடிந்து, 2 கிலோ 600 கிராம் எடையில் நல்லபடியாகப் பிறந்தான். அந்த ஐந்து நாட்களில் நான் வேண்டாத தெய்வம் இல்லை.

ஒரே மருந்து, இரண்டு முடிவு

ஆன்டிபயாடிக்கை எப்போது கொடுக்க வேண்டும் என்பது டாக்டர்களுக்கே எளிதான கேள்வி அல்ல. அதற்கு 2001இல் வெளியான 'ஆரக்கிள்' ஆய்வு நல்ல உதாரணம். பிரிட்டிஷ் மருத்துவர்கள் நடத்திய பெரிய ஆய்வு இது. மாதம் நிறைவதற்கு முன்பே பனிக்குடம் உடைந்துவிட்ட தாய்மார்களுக்கு எரித்ரோமைசின் கொடுத்தபோது குழந்தைகளுக்கு நன்மை இருந்தது. ஆனால் பனிக்குடம் உடையாமல், தொற்றின் அறிகுறியும் இல்லாமல், வலி மட்டும் முன்கூட்டியே வந்த 6,295 பெண்களிடம் ஆன்டிபயாடிக்கால் எந்தப் பயனும் தெரியவில்லை. அந்தப் பெண்களின் குழந்தைகள் ஏழு வயதானபோது எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். எரித்ரோமைசின் பெறாதவர்களின் குழந்தைகளில் 100க்கு 1.7 பேருக்கு மூளை முடக்குவாதம் இருந்தது. பெற்றவர்களின் குழந்தைகளில் அது 3.3. சிறிய எண்தான். ஆனால் "எதற்கும் இருக்கட்டும்" என்று கொடுக்கும் மருந்து வெறும் தண்ணீர் அல்ல என்பதை அது காட்டியது.

மறுபக்கம், 2023இல் வெளியான இன்னொரு ஆய்வில் ஏழு நாடுகளைச் சேர்ந்த 29,278 பெண்கள் கலந்துகொண்டார்கள். நம் நாட்டின் பெலகாவியும் நாக்பூரும் அதில் இடம்பெற்றன. சுகப் பிரசவத்துக்காக வலி எடுத்திருக்கும்போது ஒரே ஒரு வேளை அசித்ரோமைசின் கொடுத்தார்கள். தாய்மாருக்குக் கடும் தொற்றோ மரணமோ ஏற்படுவது 100க்கு 2.4இலிருந்து 1.6ஆகக் குறைந்தது. ஆனால் பச்சிளங்குழந்தைகளின் நிலையில் வித்தியாசம் இல்லை. தாய்க்கு உதவும் மருந்து குழந்தைக்கும் உதவும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

தில்லியின் பச்சிளங்குழந்தைகள்

நாம் வாழும் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2011 முதல் 2014 வரை தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளங்குழந்தைகளைக் கவனித்து ஓர் ஆய்வு நடந்தது. 2016இல் முடிவு வெளியாயிற்று. அவர்களில் 100க்கு 14 குழந்தைகளுக்கு செப்சிஸ் என்னும் கடும் தொற்று இருந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு பிறந்த 72 மணி நேரத்துக்குள் வந்தது. அதிகமாகக் காணப்பட்ட அசினிடோபாக்டர் என்ற கிருமியில் பெரும்பங்கு பல மருந்துகளுக்கும் அடங்காததாக இருந்தது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத, ஒரு மாத்திரையும் அறியாத குழந்தையின் உடம்பில், மருந்துக்கு அடங்காத கிருமி!

கிருமிகளுக்கு இந்தப் பலம் எங்கிருந்து வந்தது? தேவையில்லாத இடத்தில் ஆன்டிபயாடிக் போகும்போதெல்லாம் வலுவற்ற கிருமிகள் சாகின்றன. தாங்கும் கிருமிகள் மட்டும் தங்கிப் பெருகுகின்றன. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, குறைந்த அளவில் மருந்தைச் சாப்பிடுவது கிருமிகளுக்கு எதிர்க்கும் பாடத்தைக் கற்றுக் கொடுப்பதாகும் என்று எச்சரித்தார். ஆஸ்பத்திரியின் சுத்தக் குறைவு, தேவையின்றி எழுதும் டாக்டர், சீட்டின்றி விற்கும் கடை, பாதியில் நிறுத்தும் நோயாளி எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

அரசும் சில அடிகள் எடுத்து வைத்திருக்கிறது. 2014 மார்ச் முதல், பட்டியல் எச்1 என்ற விதியின்கீழ் பல வீரியமான ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது கடைக்காரர் நோயாளியின் பெயரையும் டாக்டரின் பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2016இல் சிவப்புக் கோடு இயக்கம் தொடங்கியது. அட்டையின் பின்பக்கம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்காதீர்கள், சாப்பிடாதீர்கள் என்று பொருள்.

நம் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்

வெளியூரில் வாழும் நமக்கு இதில் தனியாகச் சில சிக்கல்கள் உண்டு. தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோ பெண்ணை ரயிலேற்றி ஊருக்கு அனுப்புகிறோம். புடவையும் வளையலும் போகின்றன. ரிப்போர்ட்டுகள் தில்லி அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன. அங்குள்ள டாக்டருக்கு, இந்தப் பெண்ணுக்கு முன்பு சிறுநீர்த் தொற்று வந்ததா, எந்த மருந்து கொடுத்தார்கள், பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்பது எதுவும் தெரியாமல் போகிறது. தாய் சேய் நல அட்டை, கல்ச்சர் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, பெட்டியில் வைக்காமல் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தொலைபேசி வைத்தியம். ஊரிலிருக்கும் நாம், "எனக்குப் போன தடவை கேட்ட மாத்திரை இருக்கே, அதையே வாங்கிப் போடு" என்று சொல்லிவிடுகிறோம். வேண்டாம். சாதாரண ஜலதோஷம் வைரசால் வருவது. செப்டம்பர், அக்டோபரில் தில்லியை ஆட்டும் டெங்குவும் வைரஸ்தான். ஆன்டிபயாடிக் வைரசை ஒன்றும் செய்யாது. ஆனால் கர்ப்பிணிக்கு வரும் காய்ச்சலை, அது எந்தக் காய்ச்சலானாலும், கஷாயத்தோடு வீட்டில் வைத்துக்கொண்டிருக்கவும் கூடாது. அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாவது, மொழி. புதிதாக வந்த பெண்ணுக்கு வேறு எந்த இந்தி தெரியாவிட்டாலும், "மைன் கர்ப்பவதி ஹூன்" என்ற மூன்று சொற்களைக் கற்றுக் கொடுங்கள். எந்த மருந்துக் கடையிலும், எந்த டாக்டரிடமும், பல் டாக்டரிடம்கூட, முதலில் அதைச் சொல்லட்டும். பால் கொடுக்கும் தாயும் அதைச் சொல்லிவிட்டே மருந்து வாங்க வேண்டும்.

டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால் தயங்காமல் நான்கு கேள்வி கேளுங்கள். இது எந்த நோய்க்கு? பரிசோதனை செய்து பார்த்துக் கொடுக்கிறீர்களா? எத்தனை நாள்? முடிந்த பிறகு மறுபடி கல்ச்சர் பார்க்க வேண்டுமா? பதில் கிடைத்த பிறகு சந்தேகத்தை விட்டுவிட்டு, சொன்ன நாள் வரை முழுமையாகச் சாப்பிடுங்கள். தனியார் டாக்டரின் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள், ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் நடக்கும் இலவசக் கர்ப்ப காலப் பரிசோதனைக்குப் போகலாம். 2016 முதல் நாடு முழுவதும் இந்தத் திட்டம் நடக்கிறது.

பிறந்த குழந்தையின் குடலில் முதலில் குடியேறும் நல்ல நுண்ணுயிர்கள் பெரும்பாலும் தாயிடமிருந்து வருகின்றன. தாய்க்கு ஆன்டிபயாடிக் கொடுக்க நேர்ந்தால் அவற்றின் சமநிலை சற்று மாறலாம். அதற்காக வருந்திக்கொண்டிருக்க வேண்டாம். தாய்ப்பாலில் அந்த நல்ல நுண்ணுயிர்களுக்கென்றே உணவு இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமேயும் கொடுத்தால் அது பெரிய துணை. மிகப் பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. இதையும் டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

என் மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் பால் பற்கள் முல்லை மொட்டுப்போல முளைத்தன. போன மாதம் எங்கள் குடியிருப்பில் ஒரு இளம்பெண் வந்து, "ஆன்ட்டி, நீங்க ஆன்டிபயாடிக் கூடாதுன்னு சொல்வீங்களாமே?" என்று கேட்டாள். உட்கார வைத்துக் காபி கொடுத்து, இந்த முறை இரண்டு கதையையும் சொன்னேன்.